அப்துல் கஃபார் என்னும் ஸ்நூக் ஹுர்குரோன்யே

ஐரோப்பியப் பேரரசுகள் முஸ்லிம் நாடுகளை ஆண்ட காலத்தில் அந்நாடுகளின் சமயத்தையும் மொழியையும் வழக்கத்தையும் கற்று எழுதிய மேலைநாட்டு அறிஞர் பலர். அவருள் ஏட்டறிவோடு நின்றுவிட்டவர் உண்டு. ஆட்சியாளருக்கு அறிவுரை பகர்ந்தவர் உண்டு. தாம் ஆராய்ந்த மக்களிடையே மணம்புரிந்து மக்கட்பேறு அடைந்து வாழ்ந்தவரும் உண்டு. இம்மூன்றையும் ஒரே வாழ்நாளில் செய்து, மூன்றுக்கும் இடையே உயர்ந்த மதில்களை எழுப்பிக்கொண்டவர் கிறிஸ்டியான் ஸ்நூக் ஹுர்குரோன்யே. ஒல்லாந்து நாட்டில் அவர் பெயர் இஸ்லாமியவியலின் முன்னோடி என்ற மதிப்போடு வழங்குகிறது. சுமத்திராத் தீவின் வடகோடியிலுள்ள ஆச்சே நாட்டில் அதே பெயர் பகைவனின் கூர்த்த மதிக்கு எடுத்துக்காட்டாக வழங்குகிறது. இரு வழக்கிலும் உண்மை உண்டு என்பதே அவர் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குள்ள இடர்.

1857ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஒல்லாந்தின் தென்பகுதியில் ஊஸ்டர்ஹவுட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர்; அக்காலச் சமூகம் மன்னிக்க மறுத்த ஒரு காதலின் பொருட்டுத் தம் பதவியை இழந்தவர். தாயார் மற்றொரு போதகரின் மகள். குடும்பத்தின்மேல் படிந்த மாசினை மகன் திருப்பணி ஏற்றுத் துடைப்பான் என்று பெற்றோர் எதிர்பார்த்திருக்க வேண்டும். 1874இல் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே கூனன் என்னும் பேராசிரியர் விவிலியத்தையே வரலாற்று ஆவணமாகக் கொண்டு அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வேதநூலைக் காலம், இடம், கை என்று பகுத்தறியும் முறையை அவரிடம் பயின்ற இளைஞர், போதகராகும் எண்ணத்தைக் கைவிட்டுச் செமித்திய மொழிகளின்பால் திரும்பினார். அரபு மொழியில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் டி கூயே.

1880இல் மக்கத்து ஹஜ் விழாவைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்காக அவர் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது வயது 23. ஹஜ்ஜின் சடங்குகளில் இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு மரபின் எச்சங்கள் எவை, அவற்றை நபிகள் நாயகத்தின் காலம் எவ்வாறு புதுப்பொருள் தந்து ஏற்றுக்கொண்டது என்பதே ஆராய்ச்சி. முழுவதும் நூல்களைக் கொண்டே எழுதப்பட்டது அது. ஹஜ் செய்த ஒருவரைக்கூட அவர் அதுவரை சந்தித்திருப்பாரா என்பது ஐயமே. பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று நோல்டெக்கேயிடம் ஓராண்டு பயின்றார். திரும்பியதும், கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளைப் பயிற்றும் லைடன் பள்ளியில் ஆசிரியரானார். பேரரசுக்கும் அவருக்குமான உறவு அந்த வகுப்பறையில்தான் தொடங்கியது.

அக்காலத்து டச்சு அரசுக்கு ஹாஜிகளைக் கண்டால் அச்சம். ஜாவாத் தீவில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடி முஸ்லிம்கள் அதன் ஆட்சியில் இருந்தனர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி மக்காவுக்குச் சென்று வெள்ளைத் தலைப்பாகையோடு திரும்பினர். ஐரோப்பியர் கால்வைக்கவொண்ணாத அந்நகரில் அவர்கள் யாரைக் காண்கிறார்கள், எதைக் கற்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் கலகமாகக் கற்பனை செய்துகொண்டது. இளம் அறிஞரின் அறிவு வேட்கையும் அரசின் அச்சமும் ஒரே திசையைக் காட்டின. 1884 ஆகஸ்டில் ஸ்நூக் செங்கடற்கரைத் துறைமுகமாகிய ஜித்தாவில் இறங்கினார். அங்கே டச்சுத் தூதராகக் குரோய்ட் என்பவர் இருந்தார்.

1885 ஜனவரியில் ஜித்தாவின் காஜி முன்னிலையில் அவர் இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்தார். விருத்தசேதனமும் செய்துகொண்டார். அப்துல் கஃபார் என்பது அவர் பூண்ட பெயர். பிப்ரவரியில் ஒட்டகப் பயணமாக மக்காவுக்குள் நுழைந்தார். இந்த மாற்றம் உள்ளத்தால் நிகழ்ந்ததா, வாயிலைத் திறக்கும் சாவியாகக் கைக்கொள்ளப்பட்டதா என்ற வினா அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அறிஞரிடையே கடும் பூசலை விளைவித்தது. அவர் தம் ஐரோப்பிய நண்பர்களுக்கு எழுதியவற்றில் அது ஒரு புறத்தோற்றமாகவே வெளிப்படுகிறது. முஸ்லிம் நண்பர்களோ அவரை வாழ்நாள் முழுதும் தம்முள் ஒருவராகவே நடத்தினர். ஷரீஅத்தின் கண் புறச்செயலைத்தான் பார்க்கும், உள்ளத்தை இறைவனிடம் விட்டுவிடும் என்பதை நன்கு அறிந்தவர் அவர். அந்த இடைவெளியிலேயே அவர் தம் வாழ்வை அமைத்துக்கொண்டார் என்று கொள்வது பிழையாகாது.

மக்காவில் அவர் மாணவராக வாழ்ந்தார். ஷாஃபி மத்ஹபின் முஃப்தியாகிய அஹ்மத் ஸைனி தஹ்லானின் பாடங்களைக் கேட்டார். சந்தைக்கும் திருமண வீடுகளுக்கும் இழவு வீடுகளுக்கும் சென்றார். கீழைத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய அனைவருக்கும் அந்நகரில் ஜாவா என்பதே பொதுப்பெயர். சுமத்திராக்காரரும் போர்னியோக்காரரும் அதில் அடங்குவர். அச்சமூகத்தின் உள்ளே அவரை அழைத்துச் சென்றவர் பாந்தன் நாட்டு உயர்குடியைச் சேர்ந்த அபூபக்ர் ஜயதினிங்ராட். மக்காவில் வாழ்ந்த ஜாவா உலமாக்களைப் பற்றி அவர் எழுதித் தந்த குறிப்புகள் ஸ்நூக்கின் நூலுக்கு முதுகெலும்பாயின. மற்றொருவர் ஹபீப் அப்துர்ரஹ்மான் அஸ்ஸாஹிர். ஆச்சேயின் போரை ஒருகாலத்தில் தலைமையேற்று நடத்தி, 1878இல் சரணடைந்து, டச்சு அரசின் உதவித்தொகையில் அரபு நாட்டில் காலங்கழித்தவர். ஆச்சே என்னும் சொல் ஸ்நூக்கின் வாழ்வில் நுழைந்தது இவர் வாயிலாகவே.

ஹஜ்ஜுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அவ்வேளையில் தைமா என்ற பாலைவன ஊரில் கிடைத்த தொன்மையான அரமேயக் கல்வெட்டு ஒன்றைக் குறித்து எழுந்த பூசலில் ஜித்தாவின் பிரெஞ்சுத் துணைத்தூதர் ஸ்நூக்கின் பெயரையும் இழுத்துப் பாரிஸ் இதழில் எழுதினார். மக்காவில் மாறுவேடத்தில் ஓர் ஐரோப்பியர் இருக்கும் செய்தி அம்பலமாயிற்று. 1885 ஆகஸ்டில் துருக்கி ஆளுநர் அவரை உடனே வெளியேறுமாறு ஆணையிட்டார். ஹஜ்ஜைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றவர், அதற்கெனவே மக்காவில் ஆறு திங்கள் காத்திருந்தவர், அரஃபாத் வெளியில் ஒருநாளும் நிற்கவில்லை.

மக்காவைப் பற்றிய அவருடைய இரு தொகுதிகள் 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. முதலாவது அரசியல் வரலாறு. இரண்டாவதே அவர் பெயரை நிலைநாட்டியது. ஒரு முஸ்லிம் நகரம் பாடநூல்களில் உள்ளபடி வாழ்வதில்லை. சட்டம் ஒன்று சொல்ல, சந்தை ஒன்று செய்ய, இரண்டுக்கும் இடையே மனிதர் இணக்கம் காண்கின்றனர் என்பதை ஐரோப்பியர்க்கு முதன்முதலாக உள்ளிருந்து காட்டிய நூல் அது. நூலறிவிலிருந்து கண்கூடான வாழ்வுக்கு வந்த இந்தத் திருப்பத்தின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அத்தொகுதிகளோடு வந்த ஒளிப்படங்களின் வரலாறு ஒன்று உண்டு. மக்காவில் ஸ்நூக் ஒரு மருத்துவரோடு பழகி அவருக்கு ஒளிப்படக் கலையைப் பயிற்றினார். அம்மருத்துவர் பெயரும் அப்துல் கஃபார்தான். ஸ்நூக் வெளியேற்றப்பட்ட பின் அவர் நகரையும் யாத்திரிகரையும் படமெடுத்து, மூலையில் தம் பெயரை அழகிய அரபு எழுத்தில் பொறித்து அனுப்பினார். படங்கள் ஐரோப்பாவில் அச்சேறியபோது அந்தக் கையொப்பம் அழிக்கப்பட்டிருந்தது. அபூபக்ருக்கும் உரிய இடம் தரப்படவில்லை. பாதுகாப்புக் கருதி மறைத்தார் எனலாம். படித்தவர் அனைவரும் எல்லாவற்றையும் ஸ்நூக்கே கண்டு, ஸ்நூக்கே கேட்டு எழுதினார் என்று நம்பினர் என்பதும் உண்மை.

1888 ஜூலையில் ஜாவாவின் மேற்குக் கோடியில் சிலகோன் என்ற இடத்தில் உழவரும் சமய ஆசிரியரும் கிளர்ந்தெழுந்தனர். டச்சு அரசின் அச்சம் பெருகியது. மறு ஆண்டு மே திங்களில் ஸ்நூக் பத்தாவியா வந்து சேர்ந்தார். 1891இல் கீழை மொழிகளுக்கும் இஸ்லாமியச் சட்டத்துக்குமான அரசு ஆலோசகராக அமர்த்தப்பட்டார். பதினேழு ஆண்டுகள் அங்கே கழிந்தன.

அவர் வகுத்த கொள்கையின் சாரம் எளிது. இஸ்லாத்தின் வழிபாட்டுக் கூறுகளில் அரசு தலையிடலாகாது. தொழுகையையும் நோன்பையும் ஹஜ்ஜையும் தடையின்றி விட வேண்டும். திருமணம், வாரிசுரிமை, வக்ஃபு போன்ற சமூகக் கூறுகளை மதிக்க வேண்டும். அரசியலாக உருவெடுக்கும் இஸ்லாத்தை மட்டும் இரக்கமின்றி ஒடுக்க வேண்டும். முன்னிருந்த அதிகாரிகள் ஹாஜி ஒவ்வொருவரையும் கலகக்காரராகக் கருதியபோது, அவருட் பெரும்பாலோர் கொழுக்கட்டைக்கு மாவிடிக்கும் பெண்டிரையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணி ஊர் திரும்பும் எளிய மனிதர் என்று எடுத்துச்சொன்னவர் அவரே. தீவுகளின் மக்கள் மீது இருந்த தொல்லைகள் சில இதனால் நீங்கின. ஆனால் இம்மூன்று கூறுகளையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதை முடிவு செய்யும் உரிமை முஸ்லிம்களிடம் இல்லை. பத்தாவியாவில் ஆலோசகரின் மேசையில் இருந்தது. 1905இல் ஜாவாவின் சமய ஆசிரியர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்ததும் அந்த மேசையிலிருந்து எழுந்த அறிவுரையின் பேரிலேயே.

முதலிரண்டு ஆண்டுகளில் ஜாவா முழுதும் சுற்றினார். உடன் சென்றவர் ஹாஜி ஹசன் முஸ்தபா. சுந்தா நாட்டவர், மக்காவில் பயின்று அங்கேயே பாடமும் சொன்னவர், ஆன்மாவும் இறையும் ஒன்றென்னும் நெறியில் தோய்ந்த சூஃபி. 1900ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் சுந்தா மொழியின் மரபு யாப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களை இயற்றிய பெருங்கவிஞர். ஸ்நூக்கின் பரிந்துரையால் ஆச்சேயிலும் பின்னர்ப் பாண்டுங்கிலும் தலைமைப் பெங்குலுவாக, அதாவது அரசு அமர்த்திய சமய அதிகாரியாக, விளங்கினார். கவிஞர் தம் மக்களின் நன்மைக்கென இந்த உறவைப் பேணினாரா, பயன்படுத்தப்படுவதை அறிந்தே இருந்தாரா என்பதை அவர் செய்யுட்கள் நேராகச் சொல்வதில்லை. மறைநிலைப் பொருளைப் பாடுவோர் பதவிகளைப் பற்றிப் பாடும் வழக்கம் இல்லை.

அப்பயணத்தின்போதே 1890இல் சியாமிஸ் நகரில் அங்குள்ள பெங்குலுவின் மகளை ஸ்நூக் இஸ்லாமிய முறைப்படி மணந்தார். செய்தி இதழ்களில் வெளியாயிற்று. அரசு விளக்கம் கேட்டது. அப்படியொரு மணம் நிகழவில்லை என்று அவர் மறுத்தார். அம்மனைவியிடம் நான்கு மக்கள் பிறந்தனர். சில ஆண்டுகளில் அவர் இறந்தார். 1898இல் பாண்டுங்கைச் சேர்ந்த மற்றொரு சமய அதிகாரியின் மகளை மணந்தார். 1905இல் ஒரு மகன் பிறந்தான். பிள்ளைகள் தந்தையின் குடும்பப் பெயரைச் சூடக்கூடாது, ஒல்லாந்துக்கு வரக்கூடாது என்பன அவர் விதித்த வரம்புகள். பணம் ஒழுங்காக அனுப்பினார். முஸ்லிம் குடும்பங்களின் உள்வாழ்வை அவரைப்போல் நுணுக்கமாக எழுதியவர் இல்லை என்று ஐரோப்பியர் வியந்தனர். அந்நுணுக்கம் வந்த வழியை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

*

ஆச்சே அவர் வாழ்வின் நடுநாயகமான பகுதி. அவர்மேல் உள்ள வழக்கும் அதுவே. 1873இல் டச்சுப் படை ஆச்சேயின்மேல் இறங்கியது. ஏப்ரல் 14ஆம் நாள் பெரிய பள்ளிவாசலின் முன் படைத்தலைவர் கோலர் சுடப்பட்டு மாண்டார். பள்ளிவாசல் எரிந்தது, மக்களின் சினம் தணியட்டும் என்று டச்சுக்காரர் 1879 முதல் 1881 வரை அதனை மீண்டும் கட்டித் தந்தனர். சினம் தணியவில்லை. 1884 முதல் கூத்தராஜாவைச் சுற்றி வளைவாகப் பதினாறு கோட்டைகளைக் கட்டி அதற்குள் ஒடுங்கியிருந்தனர். கோட்டைக்கு வெளியே மாபெரும் நாடு. அதைப் பற்றி உள்ளே இருந்தவர்கள் அறிந்தது மிகச் சிறிது. அந்நிலையில் 1891 ஜூலையில் ஸ்நூக் அங்கே அனுப்பப்பட்டார். போராட்டத்தின் உயிர்நாடியாக விளங்கிய தெங்கு திரோ அவ்வாண்டுத் தொடக்கத்திலேதான் மறைந்திருந்தார்.

ஏழு திங்கள் தங்கினார். மக்காவில் பயின்ற அப்துல் கஃபாருக்கு ஆச்சே மக்கள் வாயிலைத் திறந்தனர். தெங்கு பூதே, வெள்ளைத் தெங்கு, என்று அவரை அழைத்ததாகச் சொல்வர். அவர் மொழியைக் கற்றார். அதன் ஒலிகளை எழுத்தில் பிடிக்க முறை வகுத்தார். செய்யுளின் யாப்பை ஆராய்ந்தார். சன்ஜாக் என்னும் அந்த நடையில் அசைகள் எவ்வாறு ஓடுகின்றன, அடியின் நடுவே இயைபு எவ்வாறு விழுகிறது என்று எழுதிய பகுதி இன்றும் அம்மொழிச் செய்யுளைப் பற்றிய முதல் அடிப்படை நூலுரை. கதைப்பாடல்களைச் சேர்த்தார். போர்க்களத்தின் நடுவே ஒரு மக்களின் கவிதையை இவ்வளவு பொறுமையோடு செவிமடுத்த வேற்றுநாட்டவர் அரியர். செவிமடுத்தது யாருக்காக என்ற கேள்வியும் உடன் வருகிறது.

அவர் சேர்த்தவற்றுள் ஒன்று ‘ஹிகாயத் பிராங் கொம்பெயுனி’. கும்பினிப் போரின் கதை என்று பொருள். நம் கட்டபொம்மன் கதைப்பாடலில் வரும் கும்பினி என்னும் சொல்லே கடல்கடந்து அங்கும் ஒலிக்கிறது. வாணிகக் கழகம் மறைந்து அரசு வந்த பின்னும் கிழக்கெங்கும் மக்கள் வாயில் ஆட்சியின் பெயர் கும்பினியாகவே இருந்தது. அதனைப் பாடியவர் தோகாரிம் என்னும் அப்துல் கரீம். எழுதவோ படிக்கவோ அறியாதவர். டச்சுப் போரின் நிகழ்ச்சிகளைக் கண்டவரிடம் கேட்டுக் கேட்டு ஆண்டுக்கணக்கில் பாட்டைப் பெருக்கி வந்தார். ஒருமுறை பாடியது மறுமுறை அப்படியே வராது. அவையை நோக்கிக் கூட்டுவார், குறைப்பார். ஸ்நூக் அவரை அமரச்செய்து பாடவைத்து முழுவதையும் எழுதுவித்தார். நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்த பாட்டு அன்றோடு ஏட்டில் நின்றது. தோகாரிம் 1897இல் கொல்லப்பட்டார். டச்சுப் படைக்கு வழிகாட்டினார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஆணையிட்டவர் தெக்கு உமர். அந்நியரை எதிர்த்த போரைப் பாடிய வாய், அந்நியருக்கு உதவியதென்ற பழியோடு மூடியது.

‘ஹிகாயத் பிராங் சபி’ என்பது வேறு வகை. அது அறப்போருக்கு அழைக்கும் பாட்டு. அதன் ஆசிரியர் தெங்கு சிக் பந்தே குலு என்பது மரபு. அதை இரவில் ஒருவர் ஓத, கேட்டிருந்த இளைஞர் விடியலில் படைக்கலம் ஏந்திப் புறப்படுவர் என்பதை டச்சுக்காரர் பட்டறிந்தனர். படிகளைக் கண்ட இடத்தில் கைப்பற்றினர். கவிதை ஓர் ஆயுதம் என்று மேடையில் சொல்வது எளிது. ஓர் அரசு அதை அப்படியே நம்பிப் பறிமுதல் செய்த இடம் ஆச்சே.

1892இல் ஸ்நூக் தம் அறிக்கையை அளித்தார். அதன் முற்பகுதியே விரிந்து ‘ஆச்சே மக்கள்’ என்னும் இரு தொகுதி நூலாக 1893, 1894ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1906இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு உலகறிந்தது. பிற்பகுதி கமுக்கமாக வைக்கப்பட்டது. அவருடைய அலுவலக அறிவுரைகளின் தொகுப்பு 1957இல் அச்சேறத் தொடங்கிய பின்னரே அது வெளியுலகின் கண்ணில் பட்டது. அறுபத்தைந்து ஆண்டுகள், உலகம் ஓர் அறிஞரின் நூலைப் படித்துக்கொண்டிருந்தது. அதன் மறுபாதி அரசின் பெட்டியில் இருந்தது.

மறுபாதி கூறியது இது. சுல்தானுக்கு மெய்யான அதிகாரம் இல்லை. அவரோடு உடன்படிக்கை செய்வது வீண். ஊலேபாலாங் எனப்படும் நிலத்தலைவர்கள் தம் வருவாயையும் உரிமையையும் கருதுபவர், அவரை வசப்படுத்தலாம். உலமாக்கள் சமயத்தின் பொருட்டுப் போரிடுவோர். அவரோடு பேச்சு இயலாது. அவர்களை ஓயாது துரத்தி அழிக்க வேண்டும். பின்னர் உழவையும் வாணிகத்தையும் பெருக்கி மக்களின் மனத்தைப் பெறலாம்.

இதற்கு அடித்தளமாக அவர் கொண்ட விளக்கமே கூர்ந்து நோக்கத்தக்கது. சமயச் சட்டமும் ஊர் வழக்கமும் ஒரு பொருளும் அதன் பண்பும் போலப் பிரிக்கவொண்ணாதவை என்பது ஆச்சே மக்களின் பழமொழிக் கருத்து. ஸ்நூக் நடைமுறையைக் கண்டு, உண்மையில் வழக்கமே தலைவி, சட்டம் ஏவலுக்கு இசைவது என்று உரைத்தார். ஆய்வாளராக அவர் கண்டது பெரும்பாலும் சரி. மக்காவில் கற்ற பாடத்தின் நீட்சி அது. ஆனால் மக்கள் ஒன்றெனச் சொன்னதை அறிஞர் இரண்டெனக் கண்டார்; அரசோ அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திற்று. வழக்கத்தின் காவலர் என்று ஊலேபாலாங்குகளுக்குப் பதவியும் சம்பளமும் வந்தன. உலமாக்கள் காட்டுக்குள் தள்ளப்பட்டனர். இருவருக்குமிடையே முன்பும் பூசல் இருந்தது. அது குடும்பத்துக்குள் நடக்கும் பூசல் போன்றது. டச்சு ஆட்சியில் அது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் உள்ள பகையாயிற்று. 1945ஆம் ஆண்டின் இறுதியிலும் 1946இன் தொடக்கத்திலும், டச்சுக்காரர் திரும்பிவராத ஆச்சேயில், உலமாக்களைச் சார்ந்தோர் ஊலேபாலாங் குடும்பங்களை வேரறுத்தனர். அதற்கு ஸ்நூக் ஒருவரே காரணர் என்பது மிகை. பிளவு ஓடிய தடத்தை அவர் எழுத்து ஆழப்படுத்திற்று என்பது மிகையன்று.

அறிக்கையை அரசு உடனே ஏற்கவில்லை. டச்சு ஆயுதங்களைப் பெற்று அவர்களுக்காகப் போரிட்ட தெக்கு உமர் 1896 மார்ச்சில் அவ்வாயுதங்களோடு எதிர்ப்பக்கம் சேர்ந்த பின்னரே, அது பேழையிலிருந்து எடுக்கப்பட்டது. 1898இல் வான் ஹெயுட்ஸ் ஆச்சேயின் ஆளுநரானார். ஸ்நூக் அவர் அருகில் ஆலோசகராக நின்றார். தலைவர்கள் ஒப்பமிடவேண்டிய நீண்ட உடன்படிக்கைகளுக்குப் பதிலாக மூன்றே விதிகள் கொண்ட சுருக்க உறுதிமொழி வகுக்கப்பட்டது: தம் நாடு ஒல்லாந்தின் பகுதி, பிற வல்லரசுகளோடு தொடர்பு இல்லை, அரசின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிதல். இப்படிவம் பின்னர்த் தீவுகள் எங்கும் பயன்பட்டது. 1899இல் உமர் வீழ்ந்தார். 1903இல் சுல்தானும் பங்லிமா போலெமும் சரணடைந்தனர். கட்டிவைத்த கோட்டைக்குள் முப்பது ஆண்டு செய்ய முடியாததை ஓர் அறிஞரின் பகுப்பு ஐந்தாண்டில் செய்வித்தது என்று ஒல்லாந்தில் பேசிக்கொண்டனர்.

எஞ்சியது காயோ. ஆச்சேயின் உள்நாட்டு மலைப்பகுதி. 1903இல் காயோ நாட்டையும் மக்களையும் பற்றி ஸ்நூக் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஆறுகள், பாதைகள், ஊர்கள், குலங்கள் யாவும் அதில் உண்டு. அந்நாட்டில் அவர் ஒருநாளும் கால்வைத்ததில்லை. காயோ மக்கள் சிலரை அமர்த்திக் கேட்டே எழுதினார். மறு ஆண்டு வான் டாலன் என்பவர் தலைமையில் ஒரு படை அம்மலைகளுக்குள் புகுந்தது. வழிகள் தெரிந்திருந்தன. ஊர்கள் ஒவ்வொன்றாக முள்வேலியிட்டு எதிர்த்தன; ஒவ்வொன்றாக அழிந்தன. 1904 ஜூன் 14ஆம் நாள் கூத்தா ரே என்னும் ஊரில் மட்டும் 561 பேர் மாண்டனர். அவருள் 189 பேர் பெண்கள், 59 பேர் குழந்தைகள். படையோடு சென்ற மருத்துவ அலுவலர் எடுத்த ஒளிப்படங்கள் உள்ளன. மதிலின்மேல் சிப்பாய்கள் நிற்க, கீழே உடல்கள் குவிந்து கிடக்க, நடுவே உயிரோடு ஒரு குழந்தை அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டவர் மறப்பதில்லை.

ஸ்நூக் இதனை விரும்பவில்லை என்பது உறுதி. வான் டாலன் ஆச்சே மக்களை நடத்திய கொடுமையை அவர் முன்பே கண்டித்து எழுதியிருந்தார். அடங்கியவரை அன்போடு ஆளவேண்டும் என்ற தம் அறிவுரையின் இரண்டாம் பாதியை வான் ஹெயுட்ஸ் கைவிட்டார் என்று மனம் முறிந்தார். 1903இலேயே இருவரும் பிரிந்தனர். மறு ஆண்டு வான் ஹெயுட்ஸ் தீவுகள் அனைத்துக்கும் தலைமை ஆளுநராக உயர்ந்தார். 1906இல் ஸ்நூக் கப்பலேறினார். இரக்கமின்றித் துரத்துக என்று எழுதிக்கொடுத்தவர், துரத்தியவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அறிவுரையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது ஆள்வோர்க்கு இயல்பு.

*

லைடனில் டி கூயே அமர்ந்திருந்த அரபுப் பேராசிரியர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. 1910இல் ஒல்லாந்துப் பெண்மணி ஒருவரை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். பாண்டுங்கில் மனைவியும் மகனும் இருந்தனர். இந்நகரில் அதுபற்றிப் பேச்சில்லை. 1914இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டு இறுதியில் துருக்கிய கலீஃபா அறப்போர் அறிவித்தபோது, அது ஜெர்மனியில் செய்த சரக்கு என்று கடுமையாக எழுதினார். ஜெர்மானிய நண்பர் பெக்கரோடு பகைத்தார். ஓர் அரசு தன் நலத்துக்காக மற்றவரின் சமயத்தைத் தூண்டிவிடுவது அறிஞர்க்கு அழகன்று என்பது அவர் வாதம். ஒரு சமயத்தை அடக்குவதற்கு அறிஞர் துணைபோவது அழகா என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தீவுகளின் மக்களுக்கு உயர்கல்வி தரவேண்டும், அவர்களைச் சமமானவராக நடத்தவேண்டும் என்பதில் முதுமை வரை உறுதியாக இருந்தார். அதனாலேயே 1920களில் குடியேற்றத் தோட்ட முதலாளிகளின் வெறுப்புக்கு ஆளானார். லைடனின் போக்குப் பிடிக்காத அவர்கள் பொருளுதவியால் 1925இல் உட்ரெக்டில் போட்டித் துறை ஒன்று தோன்றியது. அபூபக்ரின் அதே ஜயதினிங்ராட் குலத்தில் வந்த ஹுசைன், ஸ்நூக்கின் மாணவராகப் பாந்தன் வரலாற்றேட்டை ஆராய்ந்து 1913இல் லைடனில் முனைவரானார். முந்திய தலைமுறையின் பெயர் நூலில் விடுபட்டது. அடுத்த தலைமுறையின் பெயர் நூலின் முகப்பிலேயே நின்றது.

1927இல் ஓய்வு பெற்ற ஸ்நூக் ஹுர்குரோன்யே, 1936 ஜூன் 26ஆம் நாள் லைடனில் காலமானார். அவருக்குப் பின்வந்த மாணவர்கள் புகழ் ஒன்றையே எழுதினர். 1978இல் எட்வர்ட் செய்த் கீழைத்தேயவியலைப் பற்றிய தம் நூலில், அறிவும் ஆட்சியும் ஒரே ஆளில் கூடியதற்குச் சான்றாக இவரையும் குறித்தார். 1980களில் லைடனைச் சேர்ந்த வான் கோனிங்ஸ்வெல்ட் கடிதங்களைத் தேடி எடுத்து, பாண்டுங்கில் வாழ்ந்த இளைய மகனையும் கண்டு, மதமாற்றத்தையும் மறைந்த மணங்களையும் வெளிக்கொணர்ந்தபோது, பழைய மாணவர்கள் கொதித்தெழுந்தனர். ஓர் அறிஞரின் இல்வாழ்வு அவர் நூலுக்குப் புறம்பானது என்றனர். வேறொருவர் வரலாறாயின் அவ்வாதம் பொருந்தும். பிறர் இல்வாழ்வை நூலாக்கியவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

அவர் சேர்த்த ஏடுகள் லைடன் நூலகத்தில் உள்ளன. எழுத்தறியாத தோகாரிமின் பாட்டு அங்கே இருக்கிறது. அபூபக்ரின் குறிப்புகள் இருக்கின்றன. ஹசன் முஸ்தபாவின் செய்யுட்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவருடைய சொந்த நாட்டில் நெடுங்காலம் அவரைப் பழமொழிபோலச் சிலர் நினைவுகூர்ந்தனரேயன்றிப் படித்தவர் மிகச் சிலர். சுந்தா மொழிக் கவிஞர் ஆஜிப் ரோசிதி ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்து, ஹசன் முஸ்தபாவையும் அவர் படைப்புகளையும் பற்றிய பெருநூலை 1989இல் பாண்டுங்கில் வெளியிட்டார். அவ்வூர் மக்கள் தம் பெங்குலு எழுதிய கவிதையை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கையில் எடுத்துப் படித்தனர்.